தூக்கமும் நம் உரிமைதான்!

(வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட். ஷிஃப்ட் மாறினா தூக்கமும் மாறிடும்னு நிர்வாகம் நினைக்குது. ஆனால் நம் உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது பகல் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுற கடிகாரம். அது எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு.

நைட் முடிச்சு வந்து படுத்தா வெயில், தெருச் சத்தம், வீட்டு வேலை. ஐந்து மணி நேரம் தூங்கினாலே பெரிசு. இதை வெறும் அசதின்னு விட்டுடாதீங்க. அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டு ஆய்வு செய்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு!

இப்படித் தூக்கம் கெட்ட உடம்போடதான் நெருக்கியடிச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறுறோம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்குறோம். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா லைனுக்கே காய்ச்சல். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு மாத்திரையைப் போட்டுட்டு வர்றோம். நோய் பரவுறது இப்படித்தான். இதுல உங்க குற்றம் என்ன இருக்கு?

உரிமையைத் தெரிஞ்சுக்கோங்க. இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறவங்க காய்ச்சல்னா மருத்துவச் சான்று வாங்குங்க. சந்தா நாட்கள் நிறைவாகியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, 70 சதவீத ஊதியம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அது யாரும் போடுற பிச்சை இல்லை, உங்க பணம்.

மற்றதைக் கேட்டு வாங்கணும். நைட் முடிந்தால் முழு ஓய்வு தராமல் அடுத்த ஷிஃப்ட் போடக் கூடாது. இரவுப் பணியாளர்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1990 உடன்படிக்கையே இதைச் சொல்கிறது. பஸ்ஸிலும் விடுதியிலும் நெரிசல் குறைய வேண்டும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்றே திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. கேட்டால் கிடைக்கும் தோழர்களே, சேர்ந்து கேட்டால்!