முற்றுகை விலகிய நாளில்



தீர்க்கதரிசிகள் என்றதும், சாபம் கொடுக்கும் கிழவர்கள் என்றொரு எண்ணம் பலருக்கு. கடவுள் கோபித்தார், ஊர் அழிந்தது, அவ்வளவுதானே என்பார்கள். எதற்குக் கோபித்தார்? வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 34-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.

கி.மு. 588 வாக்கில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை யூதா நாட்டின் தலைநகர் எருசலேமை வளைத்துக்கொண்டது. யூதாவின் மற்ற அரண் நகரங்களில் மிஞ்சியவை லாகீசும் அசெக்காவும்தான். ஏட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். லாகீசின் மண்மேட்டை 1935-இல் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, அசெக்கா கண்ணுக்குத் தெரியவில்லை, லாகீசின் தீ அடையாளத்தையே பார்த்திருக்கிறோம் என்கிறது.

கழுத்துக்குக் கத்தி வந்ததும் எருசலேமுக்குப் பக்தி வந்துவிட்டது! அரசன் சிதேக்கியாவின் சொற்படி ஆலயத்தில் உடன்படிக்கை. ஒரு கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து போட்டு, பிரபுக்களும் ஆசாரியர்களும் அந்தத் துண்டுகளின் நடுவே நடந்தார்கள். வாக்குத் தவறினால் எங்களுக்கும் இந்தக் கதிதான் என்று அதற்குப் பொருள். என்ன வாக்கு? எபிரெய அடிமைகளை விடுதலை செய்கிறோம் என்ற வாக்கு. ஆறு ஆண்டு உழைத்தவனை ஏழாம் ஆண்டில் அனுப்பிவிட வேண்டும் என்பது பழைய சட்டம்; அதை முன்னோர்களே மதிக்கவில்லை. இப்போது அனுப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து எகிப்திலிருந்து பார்வோனின் படை கிளம்பியது. பாபிலோன் படை விலகிப் போனது. ஊருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அனுப்பிய அதே ஆட்களைப் பிடித்து வந்து மறுபடி அடிமையாக்கியதுதான்! ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி?

எரேமியா கொதித்துப்போனார். நீங்கள் தராத விடுதலையைக் கர்த்தர் தருகிறார். வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் தருகிறார் என்றார். மனந்திரும்புதலை அழுகையை வைத்து அவர் அளக்கவில்லை, ஐயா. எதிரி போன பிறகும் அடிமை வெளியே இருக்கிறானா என்று பார்த்தார்.

எருசலேமைக் கர்த்தர் கைவிட்டார் என்கிறோம். ஆனால் நாடு கடத்தப்பட்டு பாபிலோனில் இருந்த தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்ட காட்சியில், தெய்வ மகிமை ஆலயத்திலிருந்து ஒரேயடியாகப் போய்விடவில்லை. வாசற்படியில் நிற்கிறது, கிழக்கு வாசலில் நிற்கிறது, ஊருக்குக் கிழக்கே மலைமேலும் நிற்கிறது. யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா என்று தயங்குவதாகவே எனக்குப் படுகிறது.

ஊரையே தண்டிக்கும் இந்த நீதியில் எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட குழந்தைகளும் அப்பம் கேட்ட பிள்ளைகளும், எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த அடிமையை வைத்திருந்தார்கள்?

படை திரும்பி வந்தது, மதில் உடைந்தது. இரவில் தப்பியோடிய சிதேக்கியா எரிகோ சமவெளியில் பிடிபட்டு, பிள்ளைகள் சாவதைப் பார்த்த கையோடு கண்களை இழந்தான். நேபுகாத்நேச்சாரின் தளபதி நேபுசராதான் ஊராரை நாடு கடத்தினான். ஒன்றுமில்லாத ஏழைகளை மட்டும் அங்கேயே விட்டு, அன்றைக்கே அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான். அந்த ஏழைகளில் ஒருவனைக் கூப்பிட்டு, எருசலேமுக்கு வந்தது தண்டனைதானா என்று கேட்டிருந்தால், அவன் என்ன சொல்லியிருப்பான்?