பெரியவருக்கு மறைப்பு, எளியவருக்கு முழுப் பெயர்



1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அவர்தான் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தைக் கடை விரித்து விற்றவர். அதற்கு முன் அவர் நடத்திய ‘சினிமா தூது’ பத்திரிகைக்கு எதிராகத் திரையுலகினர் ஆளுநரிடம் மனுக் கொடுத்து, அதன் உரிமமே ரத்தானது. பத்திரிகையின் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்தார். ஏன் வந்தார்? வாங்கிப் படிக்க ஆள் இருந்தது ஐயா, அதனால் வந்தார்!

கொலை வழக்கில் திரை நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையானார்கள். ஆனால் பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. விடுதலைத் தீர்ப்பு சிறைக் கதவைத் திறந்தது. போன காலத்தை அது எப்படித் திருப்பித் தரும்?

இந்தக் கதையைக் கேட்டதும் சிலர் கேட்பார்கள்: “அப்படியானால் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட வேண்டியதுதானே?” கூடவே கூடாது. ஏன் கூடாது என்பதற்கும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வரலாற்றை எழுதினார். அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பும் அதில் இருந்தது. ‘நக்கீரன்’ அதை வெளியிடப் போவதாக அறிவித்ததும், வெளியிடாதே என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். அதிகாரியின் அலுவல் பற்றி எழுதியதில் தவறு இருந்தாலும், நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று பத்திரிகை காட்டினால் போதும். அந்த அதிகாரி நட்ட ஈடு கேட்க முடியாது என்றது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: பொது ஆவணத்தில் இல்லாத தனிவாழ்க்கையை அவரவர் சம்மதமின்றி எழுதாதே. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடாதே.

சுருங்கச் சொன்னால், நாற்காலியில் இருப்பவரைத் தாராளமாகக் கேள்வி கேள். சாமானியரிடம் கவனமாக நடந்துகொள். இதுதான் சட்டம் காட்டிய வழி.

நாம் எந்த வழியில் போகிறோம்? செல்வாக்கு உள்ளவர் மீது புகார் வந்தால் ‘பிரபல தொழிலதிபர்’, ‘முக்கியப் புள்ளி’ என்று மூடி மறைத்து எழுதுகிறோம். ஒரு கூலித் தொழிலாளியைச் சந்தேகத்தின் பேரில் அழைத்துப் போனால் பெயர், அப்பா பெயர், தெரு, புகைப்படம் அத்தனையும் போடுகிறோம். பெரியவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்; எளியவர் தலைகுனிந்து ஊரைவிட்டே போய்விடுவார் என்ற தைரியம்! இதற்கு அறம் என்றா பேர்? ஆள் பார்த்து அடிப்பது என்று பேர்.

“போலீஸ் சொன்னார்கள், போட்டோம்” என்பார்கள். போலீஸ் சொல்வது குற்றச்சாட்டு. அது உண்மையா என்று முடிவு செய்வது நீதிமன்றம். “நடந்ததைத்தானே எழுதினோம்” என்பார்கள். இன்று நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-ஆவது பிரிவும், அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவும், உண்மை என்பதோடு நிற்கவில்லை. அதைச் சொல்வதில் பொதுநன்மை உண்டா என்றும் கேட்கின்றன. அந்தப் பிரிவை அதிகாரத்தில் இருப்பவர்கள் பத்திரிகைகளை அலைக்கழிக்கும் ஆயுதமாக்கும்போது நாம் எதிர்த்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இளம் நிருபர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். யாரைப் பற்றிக் குற்றம் எழுதுகிறீர்களோ, அவரிடம் அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தவறு நேர்ந்தால், செய்தி வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். கைதானபோது எழுதிய நீங்களே, அவர் விடுதலையாகும்போதும் தேடிப்போய் எழுதுங்கள்.

வாசகப் பெருமக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்க்கும் ஏட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால், இன்னொரு ‘இந்து நேசன்’ இந்த மண்ணில் அச்சேறாது.