ஏடும் குரலும்



யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையில் நம் முன்னோரின் அரும்பொருள்கள் பல காக்கப்படுகின்றன. ஆயின், கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்க இயலாத செல்வமொன்றும் நம்மிடம் உண்டு. அதுவே கந்தபுராண படனம். கோயிலில் ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊர் கூடியிருந்து கேட்கும்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றுக்கேனும் வேறிடத்திற் பிரதி தேடலாம். வாசிப்பவரோடு மறையும் இராகத்தை எங்கே தேடுவோம்?

இளைஞர்களே, இவ்வாண்டு கந்தசஷ்டிக்கு ஆளுக்கொரு படலம் பயின்று, படிப்போர் பக்கத்தில் அமருவோம். பெரியோர்களே, எம் பிழைகளைப் பொறுத்துத் திருத்துங்கள். நும் குரலை எமக்குத் தந்து செல்லுங்கள்.