நல்லதும் அதனினும் நல்லதும்



சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்துள்ளது சாந்திபுரம். ஆந்திரத்து ஊராயினும், தமிழக எல்லையும் கருநாடக எல்லையும் அதற்கு அண்மையிலேயே உள்ளன. அவ்வட்டாரத்துச் சந்தையில் இரு கூடைத் தக்காளியைக் காட்டி, இதனினும் அது மேல் என்று சொல்ல வேண்டுமானால், தமிழர் 'இதைவிட நல்லது' என்பார். தெலுங்கர் 'தீனிகண்டே மஞ்சிதி' என்பார். கன்னடர் 'இதக்கிந்த ஒள்ளெயது' என்பார். மொழி மூன்று; வழி ஒன்றே. நல்லது என்னும் சொல் எங்கும் உருமாறவில்லை. ஒப்பிடும் பணியை அதன் முன் நிற்கும் பெயரும் அதனோடு சேர்ந்த உருபுமே செய்துவிடுகின்றன. தொல்காப்பியர் ஒப்பிடுதலை ஐந்தாம் வேற்றுமையில் வைத்துக் கூறியதும் இதுபற்றியே. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இவ்வியல்பைத் திராவிட மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக்கி எழுதினார். 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் அமைந்தது பொருத்தமே.

ஆங்கிலத்தின் வழி வேறு. 'டால்' என்பது 'டாலர்' என்றும் 'டாலஸ்ட்' என்றும் ஈறு பெற்று வளர்கிறது. இவ்விதியைக் கற்ற குழந்தை 'குட்டர்' என்று சொன்னால் அது அறியாமை அன்று. விதியை அறிந்ததன் அடையாளம். 'மோர் பெட்டர்' என்பதோ வேறு வகைப் பிழை. 'இன்னும் நல்லது' என்னும் வீட்டு வழக்கு அதனுள் நின்று பேசுகிறது. இரண்டையும் ஒரே பிரம்பால் திருத்த முற்படும் ஆசிரியர் எதனையும் திருத்தார். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்கு, 'பெட்டர்' என்னும் சொல்லுக்குள்ளேயே 'இன்னும்' அடங்கியிருக்கிறது என்று தமிழிலே சொல்லிவிட்டால் போதும். ஷேக்ஸ்பியர் காலத்தில் இவ்விரட்டிப்பு ஆங்கிலேயர் வாயிலும் வழங்கியதுதான். இன்றும் குற்றமின்றி வழங்கும் 'லெஸ்ஸர்' என்னும் சொல் அவ்வாறு இரட்டித்ததே.

'குட்'டும் 'பெட்டர்', 'பெஸ்ட்' என்பவையும் ஒரே வேரிற் பிறந்தவை அல்ல. இரு குடிகள் ஒரு வீட்டில் கலந்தவை. 'வொர்ஸ்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஈவில்' என்னும் சொல்லுக்குத் துணையாய் நின்றது. பிற்காலத்தில் வந்த 'பேட்' அத்துணையைத் தனதாக்கிக்கொண்டது. 'நியர்' என்பதோ முதலில் 'நை' என்பதன் ஒப்பு வடிவம். 'நெக்ஸ்ட்' அதன் உச்ச வடிவம். இன்று மூன்றும் உறவு மறந்து தனித்தனியே வாழ்கின்றன. நாள்தோறும் வாயில் வழங்கும் சொற்களே இவ்வாறு விதிக்கு அடங்காமல் நிற்பவை. ஓயாது கேட்பதால் அவற்றின் பழைய உருவம் மறப்பதில்லை. வடமொழியிலும் 'சிரேஷ்ட', 'கனிஷ்ட' முதலியவற்றுக்குப் பாணினி தனிச் சூத்திரங்கள் செய்ய நேர்ந்தது. இந்தி வழங்கும் நகரங்களில் வாழும் நேயர்கள் 'பேஹ்தர்' என்பதைப் 'பெட்டர்' என்பதற்கு உறவென எண்ணக்கூடும். அது பாரசீகச் சொல். ஒலி ஒத்ததேயன்றி உறவில்லை.

'எல்டர்' என்னும் சொல்லை ஆங்கிலேயர் பெரும்பாலும் குடும்ப உறவுக்கே ஒதுக்கிவிட்டனர். நமக்கோ 'அண்ணன்' என்னும் பெயரிலேயே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா என்னுமிடத்தில் பெருமையும் சிறுமையும் குறிக்கும் எளிய அடைகளே மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டுகின்றன. தெலுங்கர் வீட்டில் பெத்தநான்ன, சின்னநான்ன. கன்னடர் வீட்டில் தொட்டப்பா, சிக்கப்பா. நம்மவர் 'எல்டர் தேன் மீ' என்று எழுதுவது 'என்னைவிட மூத்தவர்' என்பதன் நிழல். 'தேன்' வருமிடத்தில் 'ஓல்டர்' என்றே எழுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இடர் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. ஆங்கில ஆவணத்தில் வெறும் 'பிரதர்' என்றிருந்தால், அண்ணனா தம்பியா என்று அறிய வழியின்றிச் 'சகோதரர்' என்று எழுதி ஒதுங்குகிறோம். அதனினும் நுண்ணியது 'லேட்டர்', 'லாட்டர்' என்னும் இரட்டையர் தரும் இடர். முன்னது காலத்தால் பிந்தியது. மற்றது வரிசையில் பின் நிற்பது. ஆணை கிடைத்த நாள், கட்டணம் செலுத்திய நாள் ஆகிய இரண்டில் 'லேட்டர்' எதுவோ அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் கட்டணத்தைப் 10ஆம் தேதி செலுத்துகிறார். ஆணை 20ஆம் தேதி அவர் கைக்கு வருகிறது. 'பிந்திய நாள்' என்று தமிழில் எழுதினால் 20ஆம் தேதியிலிருந்து கணக்கு. 'பின்னது' என்று எழுதிவிட்டால் வரிசையில் இரண்டாவதாகிய கட்டண நாளே கணக்கின் தொடக்கமாகும். தமிழ்ப் படியை நம்பிய அம்மனிதருக்குப் பத்து நாள் பறிபோகும்.