கூண்டும் குடியிருப்பும்



எலி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவன பொறி, நஞ்சு, பூனை என்னும் மூன்றுமே. நெல்லைத் தின்று, துணியைக் கடித்து, நோயையும் பரப்பும் இப்பிராணியை விரும்பி வளர்ப்போரும் உலகில் உளர் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவ்வாறு வளர்க்கப்படும் எலிக்கு எத்தகைய கூண்டு அமைத்துத் தர வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். “இதுவும் ஒரு பொருளா?” என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஓர் உயிரை அடைத்து வைத்தவன் அவ்வுயிருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்னும் பெரிய வினா இச்சிறிய பொருளுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலிகளைக் குழியில் விட்டு, நாய் அவற்றைக் கொல்லும் வேகத்தின் மீது பந்தயம் கட்டும் கொடிய விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்காக எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தனர். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக் என்பவர், வலையில் சிக்கும் எலிகளுள் அரிய நிறமுடையவற்றைக் கொல்லாமல் காத்து, இனம் பெருக்கி, வளர்ப்புக்கு விற்றார். குழந்தை நூல்களால் புகழ் பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரும் எலி வளர்த்தவரே. 1908இல் வெளிவந்த தம் நூல் ஒன்றை அவ்வெலிக்கே அவர் காணிக்கையாக்கினார். 1901இல் எயில்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் எலி பரிசு பெற்றது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிலையமோ 1906 முதல் ஆராய்ச்சிக்கென்று வெள்ளை எலிகளை இனம் பெருக்கத் தொடங்கியது.

எனவே வளர்ப்பு எலி என்பது நூறாண்டுகளுக்கு மேலாக மனிதன் கையில் பிறந்து வளர்ந்து வரும் இனம். நம் வீட்டுக் கூரையிலும் வயல் வரப்பிலும் ஓடும் எலியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது முற்றிலும் வேறு செயல். அது எலிக்குத் துன்பம்; எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் தொற்றக்கூடுமாதலால் நமக்கும் ஆபத்து. அச்செயலில் நீங்கள் ஒருபோதும் இறங்கலாகாது. வளர்ப்பு எலியைத் தொட்ட பின்பும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

இனி எலியின் இயல்பைக் கவனிப்போம். வீடு கட்டுமுன் அதில் குடியிருப்பவர் யார் என்று அறிய வேண்டுமன்றோ? எலி இரவில் விழித்து உலவும் பிராணி. அது வளை தோண்டும், ஏறும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் மோந்து பார்க்கும், கூட்டமாக வாழும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே அதன் ஆயுள்.

இவ்வியல்புகள் கூண்டில் பல தலைமுறை வாழ்ந்ததால் அழிந்துபோயினவா? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனுவேல் பெர்டோய் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த எலிகளைத் திறந்த வெளி அடைப்பு ஒன்றில் விட்டு, அவற்றின் வாழ்க்கையைப் படமெடுத்து 2002இல் வெளியிட்டார். மண்ணையே மிதித்தறியாத அவ்வெலிகள் யாரும் கற்பிக்காமலேயே வளை தோண்டின, உணவு தேடின, பாதை வகுத்துக்கொண்டன. ஆகவே கூண்டுக்குள் பிறந்தது என்பதற்காக அதற்குக் கூண்டே போதும் என்று கருதுதல் தவறு.

கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குச் சான்று. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக உள்ள தாழ்ந்த கூண்டில் வளர்ந்த எலி நிமிர்ந்து நிற்க முடியாது, தலை இடிக்கும். உயரமான, மண் நிரப்பிய பெரிய கூண்டில் வாழ்ந்த எலிகளோ நாளும் பலமுறை நிமிர்ந்து நின்றன, ஏறின, தோண்டின. வயது ஏற ஏற ஏறுவது குறைந்தது, தோண்டுவது குறையவில்லை. தாழ்ந்த கூண்டில் இருந்தவை உடலைப் பக்கவாட்டில் நீட்டி நீட்டிச் சோம்பல் முறித்தன. நிமிர வழியில்லாத உடல் வேறு வழி தேடியது போலும்!

இவற்றை மனத்திற்கொண்டு கூண்டை அமைப்போம். கூண்டு பெரியதாகவும், எலி தாராளமாக நிமிர்ந்து நிற்கும்படி உயரமாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளி சுமார் 12 மில்லிமீட்டருக்கு மேற்படின் குட்டி எலி நுழைந்து வெளியேறிவிடும். தரை கம்பி வலையாக இருக்கலாகாது. அதில் நடந்து நடந்து பாதம் புண்ணாகும். வெயிலும் குளிர்காற்றும் நேரே தாக்காத இடத்தில் கூண்டை வைக்க வேண்டும். வெள்ளை எலியின் சிவந்த கண்கள் கடும் ஒளியைத் தாங்கமாட்டா.

தரை மீது படுக்கைப் பொருளைப் பரப்ப வேண்டும். காகிதத் துண்டுகள் ஏற்றவை. பைன், செடார் ஆகிய மரங்களின் பதப்படுத்தாத இழைப்புச் சுருள்கள் ஆகா. அவற்றின் நெடி எலியின் மூச்சுக்குழலைத் தாக்கும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் அத்தகையதே. எலிகளுக்கு நுரையீரல் நோய் எளிதில் வருமாதலால் தூய்மை இன்றியமையாதது. ஆயினும், எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவித் துடைத்துவிடக் கூடாது. எலி தன் வீட்டை மணத்தால் அறிகிறது. அம்மணம் முழுதும் போய்விட்டால் அது அயலிடத்தில் விடப்பட்டது போலக் கலங்கும். பகுதி பகுதியாகத் தூய்மை செய்து, பழைய படுக்கையில் ஒரு பிடியை மீண்டும் வைப்பது நன்று.

அடுத்து, உயரத்தைப் பயன்படுத்த வேண்டும். பரண் போன்ற தட்டுகளை வெவ்வேறு மட்டத்தில் அமைத்து, ஏணியாலும் கயிற்றாலும் மரக்கிளையாலும் இணைக்கலாம். நம் வீட்டுக் குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போலச் சிறு துணித் தூளிகளைத் தொங்கவிட்டால் எலிகள் அவற்றில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்து உறங்கும். மேலிருந்து தவறி விழுந்தால் தாங்கிக்கொள்வதற்கும் அவை உதவும். ஓடும் சக்கரம் வைப்பதானால், கம்பிகளற்ற வழுவழுப்பான ஓடுதளமும், முதுகு வளையாதபடி பெரிய வட்டமும் உடையதாக இருக்க வேண்டும்.

ஒரு மூலையில் பெட்டி நிறைய மண் வைத்தால் எலி மகிழ்ந்து தோண்டும். ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி, மண் குழாய், கவிழ்த்து வைத்த பூந்தொட்டி ஆகியவை வேண்டும். அவற்றில் ஒன்றேனும் எல்லா எலிகளும் ஒருங்கே புகும் அளவினதாக இருத்தல் நலம். கொறிக்க மரக்கட்டைகளும், கூடு கட்டக் காகிதமும் தர வேண்டும். விலையுயர்ந்த பொருள்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் குப்பையில் எறியும் அட்டைப் பெட்டி எலிக்கு ஓர் இரவு முழுவதற்கும் வேலை.

உணவைக் கிண்ணத்தில் கொட்டி வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. தானியத்தைப் படுக்கைக்குள் தூவலாம்; காய்த் துண்டை உறி போலத் தொங்கவிடலாம்; தட்டில் சிறிது நீரூற்றிப் பட்டாணிகளை மிதக்கவிடலாம். தேடி அடைவதில் எலிக்கு விருப்பம் உண்டு. கிளென் ஜென்சன் என்னும் அறிஞர் 1963இல் வெளியிட்ட சோதனையில், கிண்ணத்தில் உணவு அருகிலேயே இருக்கவும், நெம்புகோலை அழுத்தி உணவு பெறுவதையும் எலிகள் விடவில்லை. உழைத்து உண்பதில் ஓர் இன்பம் இருப்பதை அவையும் அறியும்போலும்.

இவை யாவும் இருந்தும் துணை இல்லையேல் பயனில்லை. தனி எலி ஏங்கும். ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு எலிகளேனும் உடன் வாழ வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் மூன்று வாரத்தில் குட்டிகள் பிறந்துவிடும் என்பதை மறவாதீர்கள். மனிதனின் தோழமையையும் எலி மதிக்கிறது. 2019இல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்பித்தனர். உணவைப் பரிசாகத் தரவில்லை. பிடித்தவுடன் தடவியும் கிச்சுக்கிச்சு மூட்டியும் விளையாடியதே பரிசு. அதற்காகவே அவை தேடின; ஒளிந்தன; மனிதச் செவிக்கு எட்டாத குரலில் கூவின.

இவ்வளவு ஏற்பாடும் எலிக்கு உண்மையில் நன்மை தருகிறதா? கனடாவின் உளவியல் அறிஞர் டொனால்ட் ஹெப், தம் வீட்டில் பிள்ளைகளோடு வளர்ந்த எலிகள் ஆய்வுக்கூட எலிகளைவிடத் திறமையாகச் சிக்கல்களை அவிழ்த்தன என்று 1947இல் அறிவித்தார். பின்னர் 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ரோசென்ஸ்வைக், கிரெச், பென்னெட், மரியன் டயமண்ட் ஆகியோர் இதனை அளந்தே காட்டினர். சில எலிகளைத் தனியே வெறுங்கூண்டிலும், சிலவற்றைத் தோழர்களோடு, நாளும் மாற்றப்படும் விளையாட்டுப் பொருள்களோடு பெரிய கூண்டிலும் வளர்த்தனர். பெரிய கூண்டு எலிகளின் மூளைப் புறணி எடை மிகுந்து தடித்திருந்தது. வேறுபாடு நூற்றுக்குச் சில பங்கே. ஆயினும் அனுபவம் மூளையின் உருவையே மாற்றும் என்பதை அக்கால அறிவுலகம் எளிதில் நம்பவில்லை. முதிய எலிகளிடமும் இம்மாற்றம் நிகழ்ந்ததை டயமண்ட் 1980களில் கண்டார்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். திறந்த வெளியில், மண்ணும் புல்லும் உள்ள அடைப்பில் வாழ்ந்த எலிகளின் மூளை, அப்பெரிய கூண்டு எலிகளின் மூளையையும் விஞ்சி வளர்ந்திருந்ததை அவ்வறிஞர்களே கண்டு சொன்னார்கள். அப்படியாயின் நாம் ‘செழுமையான கூண்டு’ என்று பெருமையுடன் சொல்வது எது? வறுமை சற்றுக் குறைந்த கூண்டு, அவ்வளவே. எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம். தானம் செய்துவிட்டதாக எண்ணலாகாது.

எலியைக் கொண்டு குழந்தையை அளப்பது அறிவுடைமை ஆகாது. ஆயினும் நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வெறுமை யாரையும் அடிப்பதில்லை, வைவதில்லை, பட்டினி போடுவதுமில்லை. அதனால்தான் அது செய்யும் தீங்கு நம் கண்ணுக்குப் படுவதில்லை. உணவும் நீரும் வைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று எண்ணுபவன் கூண்டின் வெளியே நின்று பேசுகிறான்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவோ ஆய்வாளராகவோ ஆகக்கூடும். நம் நோய் தீர்க்கும் மருந்துகள் பலவற்றுக்குப் பின்னே எண்ணற்ற எலிகளின் கூண்டு வாழ்க்கை இருப்பதை அப்போது நேரில் காண்பீர்கள். இன்று உங்கள் வீட்டில் அடைபட்ட உயிர் கிளியாக இருக்கலாம், மீனாக இருக்கலாம், சங்கிலியிட்ட நாயாக இருக்கலாம். அதன் முன் சிறிது நேரம் அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்க இதற்கு இடம் உண்டா? இன்று இது செய்வதற்கு ஒரு வேலை உண்டா? பேசிப் பழகத் துணை உண்டா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும், அதை நிறைவேற்றிய பிறகே இரவு உறங்கச் செல்லுங்கள். மூன்றாண்டு ஆயுளில் ஒரு நாள் என்பது அதற்குச் சிறிய காலம் அன்று.