ஐந்து மணிக்கு நின்றவர்கள்

(மறைமலை நகரில் கூடிய பழைய மாணவர் சங்கக் கூடுகையின் காலை ஜெபவேளையில் அளிக்கப்பட்ட தேவசெய்தி. தியானப் பகுதி: மத்தேயு 20:1–16)



இந்தக் கூடுகையில் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் நாம் கேட்கிற முதல் கேள்வி, "இப்ப எங்க இருக்கீங்க?" என்பதுதான். ஊரைக் கேட்பது போலிருக்கும். ஆனால் கேட்பது கம்பெனியை, பதவியை. இதற்குப் பதில் உள்ளவர்கள் வந்திருக்கிறோம். பதில் இல்லாத நம் நண்பர்கள் சிலர் வராமல் வீட்டிலேயே இருக்கிறார்கள். இன்றைய தியானம் அவர்களைப் பற்றியது.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதான். திராட்சைத்தோட்டத்து எஜமான் அதிகாலையில் கடைத்தெருவுக்குப் போய் ஆள் பிடிக்கிறார். நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி அனுப்புகிறார். பிறகு ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி என்று மறுபடியும் போகிறார். கடைசியாகப் பதினோராம் மணி நேரம், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கும் போகிறார். பொழுது சாயும்போது கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி!

இதைப் பரலோகத்தைப் பற்றிய உவமையாக மட்டும் பிரசங்கித்துப் பழகிவிட்டோம். மறைமலை நகரில் நின்று வாசித்தால் தரையில் நடக்கிற கதையாகவே இருக்கிறது. நம் ஊர்களில் விடியற்காலையில் டீக்கடை ஓரமாகத் தூக்குச்சட்டியோடு நிற்கிற கொத்தனார்களையும் சித்தாள்களையும் பார்க்கிறோமே, அந்தக் கடைத்தெருதான் இது. இதிலிருந்து மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, அவர்கள் சொன்ன பதில்.

ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள். அவ்வளவுதான் பதில். எஜமான் அதை அப்படியே நம்பினார். "முயற்சி செய்திருந்தா கிடைச்சிருக்குமே" என்று புத்தி சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம். வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்று வசனமும் காட்டுகிறோம். 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ நிதானமாக வாசியுங்கள். அங்கே சொல்லப்படுகிறவன் வேலை செய்ய மனமில்லாதவன். மனமிருந்தும் வேலை கிடைக்காதவனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த ஊருக்கு இது தெரிந்த விஷயம். இங்குள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஐகான் கார் வந்தது. பிறகு ஃபிகோ, ஈகோஸ்போர்ட். இரண்டு தலைமுறைக்கு அந்தச் சீருடை ஒரு மரியாதை. பெண் பார்க்கப் போகும்போதும் அதற்கு ஒரு மதிப்பு. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. 2022 நடுவில் இங்கே கடைசிக் காரும் வெளியேறியது. நியாயமான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். 2025 அக்டோபரில், இங்கே என்ஜின் தயாரிக்க அரசோடு மீண்டும் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்பது திட்டம். சந்தோஷம்தான். ஆனால் 2022-இல் நாற்பத்தைந்து வயதாயிருந்தவருக்கு 2029-இல் ஐம்பத்திரண்டு. அவர்தான் ஐந்து மணி ஆள். அவர் சோம்பேறியா? கை நடுங்காமல் வெல்டிங் செய்தவர். கார் நிறுவனங்களின் கணக்கு மாறியது; அவர் கை மாறவில்லை.

இரண்டாவது, எஜமான் கொடுத்த கூலி.

ஒரு தெனாரியம் என்பது ரோமர் காலத்து வெள்ளிக்காசு. கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு. அன்றன்று பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடு, ஏழை அதையே நம்பியிருக்கிறான் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுப்பது கணக்குப்படி சரி. ஆனால் அவன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் பசிக்குமா? எஜமான் வேலை செய்த மணியோடு வீட்டில் காத்திருக்கும் வயிற்றையும் எண்ணினார். காலையில் வந்தவனுக்கும் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. நியாயமும் நின்றது, இரக்கமும் நின்றது.

இந்த உவமையின் ஒரு சொற்றொடரைத் தலைப்பாக வைத்து ஆங்கிலேய எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860-இல் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதினார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தியடிகள் அந்தப் புத்தகத்தை வாசித்தார். வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் ஒரே மதிப்பு என்று அதிலிருந்து கற்றதாகத் தம் சுயசரிதையில் சொல்கிறார். அதே ஆண்டில் பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். 1908-இல் அந்நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். நாம் ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டு வந்த உவமையை அவர் வாழ்ந்து பார்த்தார்!

மூன்றாவது, முணுமுணுப்பு.

காலையில் வந்தவர்களின் குறை என்ன? கூலி குறைந்ததென்பதல்ல. அவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதுதான். பிரியமானவர்களே, இது நமக்குப் பழக்கமான குரல். நிரந்தர ஊழியருக்கு ஒரு நிறச் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறம் என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. சபையிலும் அந்தச் சட்டையைக் கழற்றாமல்தானே உட்காருகிறோம்? "கர்த்தர் எனக்கு வேலை உயர்வு தந்தார்" என்று சாட்சி சொல்கிறோம். நல்லது. ஆனால் வேலை போனவர் அதே பெஞ்சில் இருக்கிறார். அப்படியானால் கர்த்தர் என்னை மறந்துவிட்டாரா என்று அவர் மனம் கேட்காதா? எஜமான் முணுமுணுத்தவனையும் சிநேகிதனே என்றுதான் அழைக்கிறார். கோபிக்கவில்லை. அவனுடைய கண்ணைத்தான் திருத்துகிறார். அடுத்தவனுக்குக் கிடைத்த நன்மையைப் பார்த்துக் கெட்டுப்போகிற கண்ணே வன்கண்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த எஜமானுக்குக் காரியக்காரன் இருந்தான். மாலையில் கூலி கொடுத்தது அவன்தான். ஆனால் கடைத்தெருவுக்கு ஒரே நாளில் ஐந்து தடவையும் எஜமானே போனார். தேவனுடைய ராஜ்யம் இப்படிப்பட்டது என்கிறார் இயேசு. நிற்கிறவனைத் தேடிப் போவதை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

இந்த ஊருக்குப் பெயர் தந்தவரையும் நினைக்கிறேன். மறைமலை அடிகள் சைவப் பெரியார். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அந்த வேலையை விட்டு வந்தபின் பல்லாவரத்தில் வாழ்ந்தார். தனித்தமிழ் இயக்கம் பிறந்தது 1916-இல். வேலையில் இருந்த வருஷங்களை வைத்து மட்டும் அவரை யார் அளப்பார்கள்? மனுஷன் அடையாள அட்டையைவிடப் பெரியவன். இந்த ஊரின் பெயர்ப்பலகையே அதைச் சொல்கிறது.

நாம் செய்யக்கூடியது என்ன? நம்மில் பலர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆள் எடுக்கிற நாற்காலியில் இருக்கிறோம். வயது நாற்பதைத் தாண்டிய விண்ணப்பத்தைப் படிக்காமல் ஒதுக்காதீர்கள். கான்ட்ராக்ட் ஆளின் சம்பளமும் பி.எஃப். தொகையும் நாளுக்குச் சேருகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கு "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு வராத நண்பரின் வீட்டுக்கு நாமே போவோம். ஜெபக்குறிப்பில் பெயர் எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். போனால் "இப்ப எங்க இருக்கே?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள்.

ஜெபிப்போம். கடைத்தெருவுக்கு ஐந்தாம் தடவையும் வருகிற ஆண்டவரே, காலையில் அழைக்கப்பட்ட எங்களுக்கு நல்ல கண்ணைத் தாரும். இன்னும் நின்றுகொண்டிருக்கிறவர்களிடம் போக எங்களுக்குக் கால்களைத் தாரும். ஆமென்.