பிழைக்கு இட்ட பெயர்



செயற்கைக்கோள் வழிகாட்டியைப் பற்றி மொழியியல் பயின்றவன் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கருவியின் நுட்பத்தை விளக்குவது என் நோக்கமன்று. ஓர் அரசு தன் கொள்கைக்கு இட்ட பெயரை ஆராய்வதே என் நோக்கம்.

1983 செப்டம்பரில், வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன்பின், ஜிபிஎஸ் வசதி பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். ஆயினும் 1990 மார்ச்சில், பொதுமக்கள் பெறும் அலைகளில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டது. பகைவர் பயன்படுத்தலாகாது என்பது காரணம். முறை எளிது. செயற்கைக்கோள் அனுப்பும் நேரத்தைச் சற்றே கலைத்தனர். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலேயே ஒளி ஏறத்தாழ 300 மீட்டர் சென்றுவிடும். ஆகவே நேரம் இம்மியளவு பிசகினும் இடம் 100 மீட்டர் வரை பிறழும்.

நம் ஊரில் 100 மீட்டர் என்பது சிறு தொலைவன்று. காஹாங் ஆற்றின் இக்கரை அக்கரையாகிவிடும். எண்டாவ் ரொம்பின் காட்டில் வழிதவறியவரை எதிர்க்கரையில் தேட நேரும்.

அப்பிழைக்கு இட்ட பெயர் ‘செலக்டிவ் அவைலபிலிட்டி’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தேர்ந்தளிப்பு’ எனலாம். கொடைபோல ஒலிக்கும் அப்பெயர் குறித்ததோ மறைப்பை. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தது நன்னூல். இப்பெயர் மங்கலத்தின் உடையணிந்த குழூஉக்குறி.

பெயர் மறைத்ததை நடைமுறை வெளிப்படுத்தியது. அமெரிக்கப் படைத்துறை புகுத்திய பிழையை அந்நாட்டுக் கடலோரக் காவற்படையே நிலையங்கள் அமைத்துத் திருத்தி, கப்பல்களுக்கு அனுப்பியது. ஒரே அரசின் ஒரு கை கலைத்ததை மறுகை நேர்செய்தது. இறுதியில் அதிபர் கிளிண்டன் ஆணையால் 2000 மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. பிறழ்ச்சி ஏறத்தாழ 20 மீட்டராகக் குறைந்தது. புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களில் அவ்வசதியே இராது என 2007இல் அறிவித்தனர்.

அரசறிக்கைகளைத் தமிழாக்கும் இளையோருக்கு ஒன்று கூறுவேன். பெயரை மட்டும் பெயர்த்தால் மறைப்பும் உடன்வரும், செயலைப் பெயருங்கள். ‘வலிந்து புகுத்திய பிழை’ என்று அன்றே தமிழில் எழுதியிருந்தால், படித்தவர் ஒவ்வொருவரும் ‘ஏன்?’ என்று வினவியிருப்பர். அவ்வினாவை எழுப்புவதே கலைச்சொல்லின் கடமை.